கடலுக்குள்ளே ஓர் அலை

கேள்வி: தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் டைவிங் போயிருந்தேன். வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் திடீரென்று, ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி ஜில்லிட்டுவிட்டது, கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆனது. மேலே கடல் சும்மா கிடந்தது. என்ன நடந்தது?
– வாசகி, கோவை

பதில்: உங்களைக் கடந்து போனது ஓர் அலைதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீரும் பாதி நல்லெண்ணெயும் ஊற்றி மூடி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், இரண்டும் சேரும் கோடு சோம்பலாக ஆடும். கடலிலும் அப்படித்தான், வெயிலில் சூடான லேசான நீர் மேலே, குளிர்ந்த கனமான நீர் கீழே. இரண்டுக்கும் எடை வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம் என்பதால் அந்த எல்லையைக் கலைக்கப் பெரிய பலம் வேண்டாம், கலைந்தால் நிதானமாகத்தான் அடங்கும். நிக்கோபார், சுமத்ரா பக்கத்துக் கடலடி மேடுகள் மேல் ஓதம் (நிலவின் இழுப்பால் கடல் ஏறி இறங்குவது) பாயும்போது கிளம்பும் அலைகள் அந்த எல்லை வழியாகவே அந்தமான் கடலைக் குறுக்கே கடக்கின்றன. உயரம் 60 மீட்டருக்கு மேலும் போகும், 20 மாடிக் கட்டடம்! வேகமோ நொடிக்கு 2 மீட்டர் அளவுதான். மேல்மட்டத்தில் அதன் அடையாளம் ஒரு நீண்ட சலசலப்புப் பட்டை மட்டுமே, செயற்கைக்கோள் படத்தில் வரிவரியாகத் தெரியும்.

ஒரு வேடிக்கை, ஆழ்கடலில் இது மேடு இல்லை, பள்ளம். சூடான நீர் கீழே அமுங்கும். கரையோரம் ஆழம் குறைந்ததும் தலைகீழாகி, குளிர்நீர் மேலேறி வரும். உங்களை நடுங்க வைத்தது அதுதான். பவளங்களுக்கு இது வரம்: 2010-இல் கடல் சூடேறி பவளங்கள் வெளுத்தபோது, சிமிலானில் இந்த அலைகள் நேரே மோதும் மேற்குப் பக்கம் தப்பித்த அளவு மறைவான கிழக்குப் பக்கம் தப்பிக்கவில்லை.

கேள்வி: காற்றே இல்லாத நாளிலும் எங்கள் துறைமுகத்தில் தண்ணீர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதே?
– வாசகர், திருகோணமலை

பதில்: கோவை வாசகியைச் சிலிர்க்க வைத்த அலைகளின் உறவுக்காரர்கள் உங்கள் பக்கமும் வருகிறார்கள். அந்தமான் கடலில் பிறப்பவை சில வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து உங்கள் குடாவைத் தட்ட, அது தொட்டித் தண்ணீர் போல ஆடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்டம் கூடுவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமி ஓதம் வலுத்தால் அலையும் வலுக்கும், ஆனால் வந்து சேரச் சில நாள் ஆகும். எல்லா ஆட்டத்துக்கும் இது பொறுப்பல்ல, காற்றழுத்த மாற்றமும் இதைச் செய்யும். அடுத்த முறை ஆடும்போது பௌர்ணமி கழித்து எத்தனை நாள் என்று எண்ணி எழுதுங்களேன்.