மீட்டரைக் குறைத்து விற்ற கார்: லோன் ஓடும்போது பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

நீங்கள் குடியிருப்பது கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில், பழைய காரை கோவை டீலரிடம் லோனில் வாங்கினீர்கள், மீட்டர் காட்டிய 48,000 கி.மீ. பொய் என்று தெரிகிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியும்.

கோபத்தில் இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். டீலருக்கு வலிக்காது, உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்)தான் அடிபடும்.

ஆதாரம்தான் உயிர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். தேதிவாரியாக கி.மீ. இருக்கும். 2021 பில்லில் 92,000 என்றிருந்தால், டீலர் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தை அதன் பக்கத்தில் வையுங்கள், போதும்.

டீலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் கெடு. அசையாவிட்டால் கோவைக்கு அலைய வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் இடமான பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். காரின் விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. பைனான்ஸ் கம்பெனியையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். டீலர் தரும் பணத்தில் லோனை முடித்து என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) வாங்க அது உதவும்.