ஏற்காடு வளைவுகளில் நாய்க்குட்டி வாந்தி எடுக்கிறதா?

கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

ஏழு மாதக் குட்டி, சேலத்தில் ஒன்றும் இல்லை, மலை ஏறியதும் வாந்தி என்கிறீர்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள் நமக்கே வயிற்றைப் புரட்டும்! இந்த வயதில் உட்காதின் சமநிலை உறுப்பு இன்னும் முழுதாகப் பக்குவப்படாமல் இருக்கலாம். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுவாக்கில் குறைந்துவிடும்.

ஒன்று செய்து பாருங்கள். நிழலில் நிற்கும் காரில், எஞ்சின் போடாமல், கதவைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் அதோடு உட்காருங்கள். அப்போதே எச்சில் ஒழுகினால், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் வளைவு மட்டும் காரணமில்லை, காரே பயம். அதைப் பிஸ்கட் கொடுத்து மெல்லத்தான் பழக்க வேண்டும்.

நம் வாந்தி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கென்றே மருந்து உண்டு, கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார்.

அப்புறம், வெயில் காலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். வாந்தியோடு விடாமல் மூச்சிரைத்து, ஈறு செக்கச்சிவந்தால் அது வெப்பத்தாக்கு. உடனே தண்ணீரால் நனைத்து, ஏசியைப் போட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். டீக்கு இறங்கினால் குட்டியையும் இறக்குங்கள். வெயிலில் மூடிய கார் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.