நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்க மாணவர்களுக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தின் மேல் அப்படி என்ன வெறி?

எல்லாப் பல்கலைக்கழகங்களையும் பற்றிச் சொன்னால் பதில் நீண்டுவிடும். பெர்க்லியில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால், அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அங்கே 'ரஷ்' என்று ஒரு வழக்கம் இருந்தது. மார்ச் மாதம் பல்கலைக்கழகத்தின் நிறுவன நாளை ஒட்டி, முதலாமாண்டுப் பையன்கள் வளாகத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றில் தங்கள் வகுப்பின் ஆண்டு எண்ணைப் பெரிதாகப் பதிக்கக் கிளம்புவார்கள். இரண்டாமாண்டுக்காரர்கள் வழிமறிப்பார்கள். அப்புறம் என்ன, சரிவில் கட்டிப் புரண்டு சண்டைதான். பிடிபட்டவனைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிடுவார்கள். நிர்வாகத்துக்கு வருடா வருடம் தலைவலி.

1905-இல் அந்த இரண்டு வகுப்புகளும் சண்டையைக் கைவிட்டு, அதே குன்றில் கான்கிரீட்டில் ஒரு ராட்சத 'சி' (கலிஃபோர்னியாவின் முதல் ஆங்கில எழுத்து) எழுத்தைக் கட்டுவதென்று முடிவு செய்தன. நல்ல மழை, சரிவெல்லாம் சேறு. அடிவாரத்திலிருந்து மேலே வரை வரிசையாக நின்று சிமெண்ட் மூட்டை, மணல் மூட்டை எல்லாவற்றையும் கைமாற்றியே ஏற்றினார்கள். அன்றைக்கு ஒருத்தனை ஒருத்தன் உருட்டியிருக்க வேண்டியவர்கள்! அவர்களுடைய பற்றுக்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த எழுத்து இன்னும் அங்கேயே இருக்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தால், மஞ்சள் பெயிண்ட் மேல் பெயிண்டாக அடித்துக் கான்கிரீட்டே தடித்துப் போயிருக்கும். பரம எதிரியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடன் மேட்ச் வரும் வாரத்தில், எதிராளி சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது என்று மாணவர்கள் ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள்.

உடையிலும் சீனியர் கெத்து இருந்தது. கடைசி வருட மாணவர்கள் போடும் கார்டுராய் பேண்டைத் துவைக்கவே கூடாது, அழுக்கு ஏற ஏறத்தான் மதிப்பு. நம் வீட்டில் என்றால் வாசலிலேயே நிற்க வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் கூத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். மைதானத்தில் கூட்டமாகக் கத்தும் பகுதி ஆண்களுக்கு மட்டும், மாணவிகள் தனியாக உட்கார வேண்டும். ஆனால் 'பிரிட்டேனியன்' என்ற சங்கத்தைத் தொடங்கி, மாணவர்களுக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பணம் திரட்டியது அந்த மாணவிகள்தான். கூச்சல் போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதனால்தான் போக ஓர் இடம்.

இந்த வெறி ஸ்டான்ஃபோர்டுடன் ஒரு கோடாலிக்காக அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அந்தக் கதைக்கு வருகிறேன். 1899 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பேஸ்பால் ஆட்டம். பெர்க்லியின் நிறங்களான நீலமும் பொன்னும் கலந்த ரிப்பனை வெட்டி வெறுப்பேற்ற, ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் ஒரு பெரிய மரவெட்டிக் கோடாலியைக் கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது பெர்க்லி. முடிந்ததும் அதன் மாணவர்கள் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், தெருத் தெருவாகத் துரத்தல். வழியில் ஒரு கசாப்புக் கடையில் காம்பை அறுத்து எறிந்துவிட்டு, தகட்டை மட்டும் கோட்டுக்குள் மறைத்துப் படகில் ஏற்றிக் கடத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அது பெர்க்லியில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் தூங்கியது. வருடத்துக்கு ஒரு தடவை கூட்டம் கூட்டி, வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவார்கள். 1930-இல் அப்படித் திரும்பக் கொண்டுவரும்போது, ஃபோட்டோ எடுக்க வந்தவர்கள் மாதிரி நின்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஃப்ளாஷைக் கொளுத்திக் கண்ணைக் கூசவைத்து, புகையைக் கிளப்பி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொத்தம் 21 பேர் சேர்ந்து போட்ட திட்டம். 1933-இல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, வருடாந்திர அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் ஜெயிப்பவர்களுக்கே கோடாலி என்று முடிவாயிற்று.

திருட்டு அதோடு நின்றதா என்றால் இல்லை. சச்சரவும் நிற்கவில்லை. கோடாலி பதித்த பலகையில் ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரும் எழுதியிருக்கும். 1982 ஆட்டத்தைக் கடைசி நொடியில் பெர்க்லி 25-20 என்று ஜெயித்தது. ஸ்டான்ஃபோர்டு அதை ஒப்புக்கொள்வதே இல்லை. கோடாலி அவர்கள் கைக்குப் போகும்போது அந்த ஸ்கோரை 20-19, தங்களுக்கு வெற்றி, என்று மாற்றிவிடுவார்கள். பெர்க்லிக்குத் திரும்பியதும் மறுபடி 25-20.