மனச்சோர்வில் இருக்கும்போது வீட்டில் குவிந்துவிட்ட பொருட்களை எப்படிக் குறைப்பது?

மனச்சோர்வும் பதற்றமும் இருக்கின்றன, வீடு முழுக்கச் சாமான், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை, பார்த்தாலே அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகை எனக்குத் தெரியும். 2021இல் அம்மா இறந்த பிறகு ஊர் வீட்டைக் காலி செய்து, அங்கிருந்ததை எல்லாம் மதுரையில் என் இரண்டு அறை வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சில மாதங்களில் மனச்சோர்வும் வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு வழி, அதில் நடந்துதான் கட்டிலுக்குப் போவேன். துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே நாற்காலியில். யாராவது மணி அடித்தால் ஆளில்லாத வீடு போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சோம்பேறி என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். கவனம் நிலைக்காததும், சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்க முடியாமல் போவதும் மனச்சோர்வின் அறிகுறிகள். வேண்டாததைக் கழிப்பதில் கைக்கு இருக்கும் வேலை கொஞ்சம்தான், மூளைக்குத்தான் வேலை அதிகம். ஒரு பெட்டியைத் திறந்தால் 40 பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. வைப்பதா, கொடுப்பதா, யாருக்குக் கொடுப்பது, அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நான்காவது பொருளிலேயே தலை கனத்துப்போய்ப் படுத்துவிடுவேன்.

இது புரிந்த பிறகு, யோசிக்கவே தேவையில்லாததை மட்டும் எடுக்க ஆரம்பித்தேன். காலி பால் கவர், பார்சல் சாப்பாட்டு டப்பா, அழுகிய தக்காளி, கூரியர் அட்டை. முதல் இரண்டு வாரம் இவை மட்டுமே. பெட்டிகள் பக்கம் திரும்பவில்லை. ஒரு பை நிறைந்தால் அன்றைக்குப் போதும். சில நாள் அதுவும் முடியாது, சிங்கில் கிடக்கும் நாலு டம்ளரைக் கழுவுவதோடு சரி. தெம்பு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் தெம்பு வருவதில்லை. துளியாவது செய்தால் பின்னாலேயே கொஞ்சம் வருகிறது. மனநல சிகிச்சையிலும் இந்த வரிசையைத்தான் சொல்லித் தருகிறார்கள்: முதலில் செயல், மனம் பிறகு.

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி காலை 7 மணிக்கு வரும். அப்போதெல்லாம் நான் எழுந்திருப்பதே 10 மணிக்கு. குப்பை சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லவே ஒரு மாதம் கூச்சமாக இருந்தது. சொன்னதும், "ராத்திரியே வாசல்ல வச்சிரு, காலையில நான் போட்டுர்றேன்" என்றார். எங்கே அடைக்கிறது என்று உங்கள் வீட்டிலும் பாருங்கள். பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு சின்ன இடமாகத்தான் இருக்கும்.

உதவியிலும் வித்தியாசம் உண்டு. உறவினர் ஒருவர், நான் வேலைக்குப் போயிருந்த நாளில் வீட்டையே சுத்தம் செய்து வைத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். எனக்கோ எது போனது, எது இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் தூக்கமில்லை. பதற்றம் உள்ளவர்கள் வீட்டில் அவர்களுக்குத் தெரியாமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. அண்ணி வந்தது வேறு மாதிரி. கையில் முருங்கைக்கீரைக் கட்டு. தரையில் உட்கார்ந்து, "நீ பாட்டுக்கு எடு, நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஒரு பொருளைக்கூடத் தொடவில்லை. நான் நின்றுபோனால் மட்டும், "அது என்னது, காட்டு" என்பார். கீரை ஆய்ந்து முடிந்தபோது ஒரு பெட்டி காலியாகியிருந்தது. ஆறு மாதத்தில் அதுதான் முதல் பெட்டி.

பதற்றம் வேறு விதமாகப் பிடித்து வைக்கும். எப்பவாவது தேவைப்படுமோ என்று பழைய சார்ஜர், மளிகைக் கடைக் கவர், ரசீது என்று ஒன்றையும் விட மனம் வராது. கட்டிய குப்பைப் பையை அவிழ்த்துப் பார்த்த இரவுகள் எனக்கு உண்டு. இதற்கு ஒரு சந்தேகப் பெட்டி வைத்தேன். முடிவெடுக்க முடியாதது எல்லாம் அதற்குள், மேலே தேதி. மூன்று மாதம் தேடவில்லை என்றால் அனுப்பிவிடலாம். பத்திரம், வங்கித் தாள், மருத்துவச் சீட்டு இவற்றை மட்டும் படித்துப் பார்க்காமல் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். தெளிவான ஒரு நாளில் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காலாவதியான மாத்திரைகளும், மிச்சம் மீதி மாத்திரை அட்டைகளும் வீட்டில் இருந்தால் இன்றே அகற்றுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும் நாட்களில் அவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. தனிப் பையில் கட்டி, பழைய மருந்து என்று சொல்லிக் குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். இப்போது சாப்பிடும் மாத்திரையைக்கூட நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வாரத்துக்கு வாரம் வாங்கிக்கொள்ளலாம். நான் அண்ணனிடம் கொடுத்திருந்தேன். உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ் எனும் இலவச அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை எடுக்கவில்லை என்றால் வீட்டைவிட அதுதான் முதலில். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு நாலாவது வாரத்தில்தான் பெட்டியைத் திறக்கும் எண்ணமே வந்தது. எதைக் கழிக்கப்போனாலும் தாங்க முடியாத வேதனை, நடக்க இடமில்லாத அளவுக்குச் சேர்ந்தும் விட முடியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொருள் சேர்க்கும் கோளாறை 2013இல் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள், அதற்குச் சிகிச்சை வேறு.

"போகிக்குள்ள எல்லாத்தையும் கழிச்சிரு" என்று எனக்கும் சொன்னார்கள். தேதி வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது என் வீட்டில் மணி அடித்தால் கதவைத் திறக்கிறேன். அம்மாவின் சேலைப் பெட்டியையும் பெயர் பொறித்த எவர்சில்வர் பாத்திரங்களையும் இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அண்ணி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.