வெங்காயச் சருகு இருக்க 499 ரூபாய் எதற்கு?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். ஈஸ்டருக்கு முட்டையில் சாயமேற்றி தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆன்லைனில் 'இயற்கை வண்ணம்' என்று ஒரு பெட்டி 499 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? மார்க்கெட்டில் பொட்டலமாகக் கிடைக்கும் கலர் பொடியே போதும் என்கிறார் மாமியார்.

பதில்: இரண்டுமே வேண்டாம். லேபிள் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டதை மாமியாருக்கு ஞாபகப்படுத்துங்கள். அதில் இருந்த ரோடமின்-பி, துணிக்குப் போடும் சாயம். முட்டை ஓடு முழுக்கப் பொடிப்பொடியான துளைகள். கொஞ்சம் விரிசல் விட்டிருந்தால் போதும், வெள்ளைக்கரு வரை நிறம் இறங்கிவிடும்.

பெட்டிக்கு வருவோம். முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) 102, 110, 122, 124, 133 என்று இருந்தால் அவை செயற்கை நிறங்கள். அனுமதி பெற்றவைதான், விஷமில்லை. ஆனால் இயற்கை என்று சொல்லி வாங்கிய காசு? 100 என்றால் மஞ்சள், 162 என்றால் பீட்ரூட். சரி, அந்த இரண்டும்தான் உங்கள் அடுப்படியிலேயே இருக்கின்றனவே! ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம்.

என் ஓட்டு வெங்காயச் சருகுக்கு. காய்கறிக் கடையில் வெங்காய மூட்டைக்கு அடியில் குவிந்து கிடக்கும். கேட்டால் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள். நாலு கைப்பிடிச் சருகை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவிடுங்கள். மூன்று, நான்கு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். வினிகரின் புளிப்பு முட்டை ஓட்டில் நிறம் பிடிக்க உதவும். அவித்த முட்டையைப் போடும் முன் ஒரு கொத்தமல்லி இலையை ஈரத்தோடு ஓட்டின் மேல் ஒட்டி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க பிரிட்ஜில் ஊறட்டும். காலையில் கட்டைப் பிரித்தால் செங்கல் நிறத்துக்கு நடுவே இலை மட்டும் வெளிறிப் பதிந்திருக்கும். காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளப்பு.

மஞ்சள் தூள் சுலபம், ஆனால் பாத்திரத்தையும் விரலையும் விடாது. பீட்ரூட்டை நம்பாதீர்கள், முதலில் ரோஸ், அப்புறம் அழுக்குப் பழுப்பு. நீலம் வேண்டுமென்றால் மட்டும் ஊதா முட்டைக்கோஸ் ஒன்று வாங்குங்கள். வேகவைத்த தண்ணீர் ஊதாவாக இருக்கும், ஓட்டில் ஏறும்போது நீலமாகிவிடும்.

முட்டைக்கும் அதிகம் செலவழிக்காதீர்கள். நாமக்கல்லிலிருந்து வரும் சாதாரண வெள்ளை முட்டையில்தான் நிறம் எடுப்பாகத் தெரியும்; நாட்டுக்கோழி முட்டையில் மங்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்தபின் பிரிட்ஜிலிருந்து எடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைப் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.