பிளாஸ்மா கொந்தளிப்பில் ஆராய்ச்சி: மகளின் எதிர்காலம் குறித்துக் கேட்ட தாய்க்கு

அம்மா, பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கும் உங்கள் மகள் பிளாஸ்மா கொந்தளிப்பில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறார், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எதன்மேல் ஆசைப்படுகிறார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் சூடான வாயு. அதை அடைத்துவைக்கும் வளைய வடிவக் காந்தக் கூண்டுதான் டோகமாக். அணு இணைவு, அதாவது லேசான அணுக்கருக்கள் சேர்ந்து ஆற்றல் தருவது, நடக்க அதற்குள் பிளாஸ்மா 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நடுவில் கடும் சூடு, விளிம்பில் குளிர். அந்த வேறுபாடே சென்டிமீட்டர் அளவுச் சுழல்களைக் கிளப்பிவிட, அவை வெப்பத்தைச் சுவர்ப்பக்கம் கடத்திவிடுகின்றன. இதுதான் கொந்தளிப்பு. ஆனால் சுழல்கள் ஒரே பக்கமாகச் சாயும்போது, வெளியே போகும் ஓட்டத்தோடு பக்கவாட்டு உந்தமும் சேர்ந்து போகிறது. அது ஓரிடத்தில் குவிந்து, குழாயின் குறுக்குவெட்டைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டம் போல ஆகிவிடுகிறது. இதுதான் ஸோனல் ஃப்ளோ. அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராக ஓடுவதால் சுழல்கள் மேலும் இழுபட்டுக் கிழிகின்றன. சுழல்களின் ஆற்றலில் பிறந்த ஓட்டம் அந்தச் சுழல்களையே அடக்குகிறது, தான் மட்டும் வெப்பத்தை வெளியே கடத்துவதில்லை. இணைவு உலைக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன?

பாதை நீளம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வு எழுதி எம்.எஸ்சி. 2 ஆண்டு, பிறகு ஜெஸ்ட் (JEST) அல்லது கேட் (GATE) நுழைவுத் தேர்வு வழியாக பிஎச்.டி. 5 ஆண்டுக்குக் குறையாது. ஆதித்யா-யு, எஸ்.எஸ்.டி.-1 டோகமாக்குகள் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளன. பிஎச்.டி. மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், 2 ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்காது. நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இதில் பழகும் பெருங்கணினி நிரலாக்கத்தை வானிலை, கடலியல், தரவு அறிவியல் துறைகளும் தேடுகின்றன.

ஆகவே முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். இந்தக் கொந்தளிப்பை எளிய வடிவில் விவரிக்கும் ஹாசேகாவா-வாகாதானி சமன்பாடுகளைப் பைத்தான் நிரல்மொழியில் 256×256 கட்டத்தில் ஃபூரியே முறையில், அதாவது அலைகளாகப் பிரித்து, தீர்க்கட்டும். சாதாரண லேப்டாப் போதும். இரண்டு இடங்களில் சறுக்கும். ஒவ்வொரு திசையிலும் அலையெண்களில் (அலைகள் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லும் எண்கள்) உச்சத்திலுள்ள மூன்றில் ஒரு பங்கைப் பூஜ்யமாக்காவிட்டால், சிற்றலைகளில் பொய்யான ஆற்றல் குவிந்து கணக்கு வெடித்துவிடும். அடுத்தது நுட்பமானது: மின்னழுத்தத்தையும் அடர்த்தியையும் பிணைக்கும் உறுப்பில், ஒய்-திசையில், அதாவது ஸோனல் ஃப்ளோ ஓடும் திசையில், எடுத்த சராசரியைக் கழித்த மதிப்புகளையே போட வேண்டும். அந்த உறுப்பு, காந்தக் கோட்டின் வழியே ஓடி வேறுபாட்டைச் சமன்செய்யும் எலக்ட்ரான்களைக் குறிக்கிறது. சராசரிப் பகுதியில் கோட்டின் வழியே வேறுபாடே இல்லை, சமன்செய்ய ஒன்றுமில்லை. கழிக்க மறந்தால் ஓட்டம் தலையெடுக்காது, திரையில் சுழல்கள் மட்டும் புரண்டுகொண்டிருக்கும். கழித்தால் பட்டை பட்டையாக ஓட்டம் எழும், துகள் கசிவு வரைபடம் சரியும்.

பட்டை வராத நாட்களில் சலிக்காமல் நிரலை வரிவரியாகத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். தேடினால் தயங்காமல் அனுப்புங்கள். ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில்.