ஒரு மாணவராகத் தணிக்கையையும் பேச்சுரிமையையும் எப்படிப் பார்க்கிறீர்கள்? தவறான கருத்தைத் தடுப்பதில் என்ன தவறு?

கேள்வியின் இரண்டாம் பாதியிலிருந்தே தொடங்குகிறேன், முதல் பாதி அதற்குள் வந்துவிடும். நான் படிக்கும் கல்லூரியில் ஒரு வருடம் என் எழுத்து தணிக்கைக்கு ஆளானது. அடுத்த வருடம் இன்னொருவர் எழுத்தை நானே தணிக்கை செய்தேன். இரண்டையும் சொன்னால்தான் பதில் நேர்மையாக இருக்கும்.

எங்கள் மாணவர் இதழ் வருடத்துக்கு மூன்று முறை வரும். இரண்டாம் ஆண்டில் விடுதி விதிகளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினேன். பெண்கள் விடுதியின் கதவு மாலை ஆறரைக்கு மூடப்படும், ஆண்கள் விடுதிக்கு ஒன்பது மணி, நூலகமோ எட்டு வரை திறந்திருக்கும். அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் நூலகம் யாருக்காகத் திறந்திருக்கிறது என்று கடைசி இரண்டு பத்திகளில் கேட்டிருந்தேன். யாரையும் திட்டவில்லை, யார் பெயரையும் போடவில்லை.

அச்சுக்குப் போகும் முன் புரூஃப் திரும்பி வந்தது. அந்த இரண்டு பத்திகளின் மேல் சிவப்பு மையில் மூலைக்கு மூலை ஒரு கோடு. ஓரத்தில் ஒரு சொல் இல்லை, கையெழுத்து இல்லை. பேனாவை நன்றாக அழுத்திப் பிடித்துத்தான் கிழித்திருக்க வேண்டும். தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுப்பட்டது. யார் அடித்தது என்று இதழின் பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். "மேலேருந்து வந்திருக்கும்மா" என்றார். மேலே என்றால் யார்? "மேலேன்னா மேலேதான்." ஏன் என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கட்டுரை வந்தது, கேள்வி மட்டும் இல்லை. விடுதி விதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. "விதிகளையெல்லாம் அழகா தொகுத்திருக்கே, புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு உதவும்" என்று ஒருவர் மனதார வாழ்த்தினார். எனக்கு மிகவும் வலித்தது அதுதான். என் வாயை மூடியதோடு நிற்காமல், நான் எதிர்த்த விதிக்கே என் பெயரில் விளம்பரம் செய்ய வைத்துவிட்டார்கள். வெட்டப்பட்ட கட்டுரை முழுசாக வராமல் போவதைவிட மோசமானது என்று அன்று தெரிந்தது.

அதைவிடப் பெரிய சேதம் பிறகு நடந்தது. அடுத்த முறை தேர்வு மறுமதிப்பீடு பற்றி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "இது போகுமா?" என்று மனசு கேட்டது. மூன்றாம் வரியை அடித்தேன், அப்புறம் ஐந்தாம் வரியை. கடைசியில் கட்டுரையையே விட்டுவிட்டேன். இந்த முறை யாரும் சிவப்புக் கோடு போடவில்லை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. தடை செய்யப்பட்ட புத்தகங்களுக்குப் பட்டியல் போடலாம். எழுதப்படாமலே போனதற்கு யார் பட்டியல் போடுவது?

இந்த ஆத்திரத்தில்தான் தணிக்கையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். 1643-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம், எதை அச்சிடுவதானாலும் முன்கூட்டியே உரிமம் வாங்க வேண்டும் என்று ஆணை போட்டது. மறு வருடம் கவிஞர் ஜான் மில்டன் அதை எதிர்த்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, உரிமம் வாங்காமலே வெளியிட்டார். அவருடைய வாதங்களில் ஒன்று, எழுதியதையெல்லாம் ஒரு அதிகாரியிடம் காட்டி அனுமதி கேட்க வேண்டுமென்றால், வளர்ந்த மனிதனுக்கும் பிரம்புக்குப் பயந்த பள்ளிப் பையனுக்கும் என்ன வேறுபாடு என்பது. எனக்கு அங்கேயே ஒரு கேள்வி எழுந்தது. அந்தப் பையனுக்கு மட்டும் அது சரியா?

இதற்கு நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை. 1965 டிசம்பரில் அமெரிக்காவின் டெ மொய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. பள்ளி இடைநீக்கம் செய்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம், பள்ளி வாசலைத் தாண்டியதும் மாணவரின் பேச்சுரிமை உதிர்ந்துவிடுவதில்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 1988-ல் அதே நீதிமன்றத்தின் முன் ஒரு பள்ளி மாணவர் பத்திரிகை வந்தது. பதின்வயதுக் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்து பற்றியும் வந்த இரண்டு கட்டுரைகளுக்காக, அவை இருந்த இரண்டு முழுப் பக்கங்களையே பள்ளி முதல்வர் எடுத்திருந்தார். இந்த முறை ஐந்துக்கு மூன்றில் பள்ளி வென்றது. பத்திரிகை பாடத்திட்டத்தின் பகுதி, ஆகவே கல்வி சார்ந்த காரணம் இருந்தால் பள்ளி கை வைக்கலாம் என்றது நீதிமன்றம். கையில் கட்டிய துணிக்கு இருந்த பாதுகாப்பு பள்ளியே அச்சிடும் தாளுக்கு இல்லை.

எனக்கு மிகவும் நெருக்கமான வழக்கு இந்தியாவில் நடந்தது. 1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை, அவ்வளவே. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது. ஒருவரைச் சொல்லவிடாமல் தடுப்பதும் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் ஒரே கையின் வேலை. என் கட்டுரையில் இரண்டும் ஒரே கோட்டில் நடந்திருந்தன.

சரி, இனி என் தவறு.

மூன்றாம் ஆண்டில் இதழின் மாணவர் ஆசிரியர் பொறுப்பு எனக்கு வந்தது. முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் ஒரு கட்டுரை கொடுத்தான். மாணவர் பேரவைக்குத் தேர்தலே வேண்டாம், மதிப்பெண் பார்த்து நியமித்துவிடலாம் என்பது அதன் சாரம். அந்தத் தேர்தலைக் கேட்டு மழையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. "இந்த இதழ்ல இடமில்லப்பா, அடுத்ததுல பாக்கலாம்" என்றேன். இடம் இருந்தது. அந்தப் பக்கத்தில் சூரியன் மறையும் படம் ஒன்றைப் போட்டு நிரப்பினேன். அடுத்த இதழிலும் அதையே சொன்னேன். அப்போது அவன் கேட்டான்: "அக்கா, நிஜமாவே இடமில்லையா, இல்ல உங்களுக்குப் பிடிக்கலையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவனுக்கு என் சிவப்புக் கோடுகூடக் கிடைக்கவில்லை. கோடு விழுந்த தாளாவது என்னிடம் இருந்தது. அவனிடம் காட்டுவதற்கு எதுவுமே இல்லை.

தணிக்கை செய்பவர்களை நான் அதுவரை வேறு ஜாதி மனிதர்களாக நினைத்திருந்தேன். அந்தக் கட்டுரையை நிறுத்தியபோது, கல்லூரிக்கு நல்லது செய்கிறேன் என்று உண்மையிலேயே நம்பினேன். எல்லோரும் அப்படி நம்பித்தான் செய்கிறார்கள். மில்டனும் அதே பிரசுரத்தில் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது என்றார். 1651-ல் அரசு சார்ந்த ஒரு செய்தித்தாளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பிலும் இருந்தார். அவரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதியவரின் கைக்கே அந்தப் பேனா வந்திருக்கிறது என்றால், என் கையை நான் எவ்வளவு கவனிக்க வேண்டும்?

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். பத்திரிகை ஆசிரியர் ஒரு கட்டுரையை வேண்டாம் என்று சொல்வதெல்லாம் தணிக்கை ஆகாது. நடை சரியில்லை, தகவல் பிழை, ஏற்கெனவே வந்த விஷயம் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம், எழுதியவர் வேறு பத்திரிகைக்குப் போகலாம். ஆனால் வளாகத்தில் இருப்பதே ஒரு இதழ் என்கிறபோது, கருத்து பிடிக்காமல் இடமில்லை என்று பொய் சொல்வது தேர்வு இல்லை, கதவடைப்பு.

மூன்றாவது இதழில் அவன் கட்டுரையைப் போட்டேன், எதிர்ப்பக்கத்தில் என் மறுப்பு. மறுப்பு எழுதும்போதுதான் தெரிந்தது, தேர்தல் ஏன் வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. முதல் வரைவு முழுக்கக் கோபம்தான், வாதம் ஒன்றுகூட இல்லை. மூன்று முறை திருத்தி எழுதினேன். எதிர்ப்பைச் சந்திக்காத உண்மை செத்த மனப்பாடமாகிவிடும் என்று 1859-ல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டதை நான் தேர்வுக்குப் படித்து எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அந்த மூன்று திருத்தங்களில்தான் விளங்கியது. தேர்தல் சுவரொட்டிச் செலவு பற்றி அவன் கட்டுரையில் சொன்னது சரி என்று பேரவையே பிறகு ஒப்புக்கொண்டு உச்சவரம்பு வைத்தது. அதை நான் தடுத்து வைத்திருந்த மாதங்களை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

அப்படியானால் எதையும் பேசலாமா? இல்லை. ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்டு "போய் அடியுங்கள்" என்று எழுதுவது கருத்து ஆகாது. ஆனால் எல்லை யார் நினைத்தாலும் இழுக்கும் கோடாக இருக்கக் கூடாது. 1966-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு மூன்று நிபந்தனை வைக்கிறது. கட்டுப்பாடு சட்டத்தில் இருக்க வேண்டும். பிறர் உரிமை, பொது ஒழுங்கு போன்ற, அங்கே குறிப்பிட்ட காரணங்களில் ஒன்றுக்காக இருக்க வேண்டும். அதற்கு அவசியமானதாகவும் இருக்க வேண்டும். என் இரண்டு பத்திகளை இதில் வைத்துப் பார்த்தேன். எந்த விதி என்று சொல்லவில்லை, எந்தக் காரணம் என்று சொல்லவில்லை, ஆக அவசியமா என்ற கேள்விக்கே போக முடியாது. தம்பியின் கட்டுரையை வைத்துப் பார்த்தாலும் அதே விடைதான்.

இன்னொன்று. பேச்சுரிமை தனியாக நிற்காது. 2012-ல் இந்தியாவில் ஒரு முகநூல் பதிவுக்காக இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். ஒருவர் எழுதியவர், மற்றவர் அதற்கு லைக் போட்டவர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு "எரிச்சல்", "அசௌகரியம்" என்ற சொற்களையெல்லாம் குற்றத்துக்குள் வைத்திருந்தது. ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் வழக்குப் போட்டார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிக்கலாம், ஆதரித்தும் வாதாடலாம், அது தூண்டிவிடும் நிலைக்குப் போனால்தான் சட்டம் குறுக்கே வரலாம் என்று பிரித்துக் காட்டியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2022-ல் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது, வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். இந்த உரிமைகள் பக்கத்தில் இல்லாவிட்டால் பேச்சுரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

ஆகவே, தவறான கருத்தைத் தடுப்பதில் என்ன தவறு என்று கேட்பவரிடம் நான் கேட்பது, தவறு என்று முடிவு செய்தவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைத்தான். இதை எங்கள் இதழிலேயே செய்து பார்க்க முயன்றோம். ஒரு கட்டுரையையோ வரியையோ நீக்குபவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும், எழுதியவருக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் தர வேண்டும் என்று ஒரு பக்க விதி எழுதிக் கொடுத்தோம். என் பெயருக்குக் கீழே இரண்டாவதாக இருப்பது அந்தத் தம்பியின் கையெழுத்து.

பாதி கிடைத்தது. இப்போது புரூஃபில் கோடு விழுந்தால் பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லில் காரணம் இருக்கிறது. போன இதழில் ஒரு கவிதைக்கு "தேவையற்றது" என்று வந்தது. அது காரணமா என்று திருப்பிக் கேட்டோம், கவிதை முழுசாக வந்தது. கையெழுத்து மட்டும் இன்னும் போட மாட்டேன் என்கிறார்கள். அதைக் கேட்டு அடுத்த கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது.